திங்கட்கிழமை நார்மல்கள்

மாதம் ஒருமுறை காலையில் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறாள். புனேயில் பாணேர் பக்கம் ஏழாவது மாடி, ஒரு படுக்கையறை, ஒரே ஒரு ஆள். அவளுக்கு எப்போதும் அவசரம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனில் என் பெயரைச் சரிபார்த்து, கையைக் கட்டி, குத்தி, பஞ்சை அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, டீ குடிக்கிறாயா என்று நான் கேட்பதற்குள் லிஃப்டில் இறங்கிவிடுவாள். மதியத்துக்குள் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடும். கொஞ்ச காலமாக என் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது. அதற்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை, மாத்திரையின் அளவு சரிதானா என்று பார்க்க இந்தப் பரிசோதனை.

ரிப்போர்ட் வந்தால் எல்லோரும் தங்கள் எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள். நான் அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இன்னொரு எண்ணைத் தேடுவேன். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். உங்கள் ரத்தம் உறைய இத்தனை நொடி ஆயிற்று என்று மட்டும் சொன்னால் அதில் அர்த்தமில்லை. நோயில்லாத ஒருவரின் ரத்தம் அதே மருந்தில், அதே சூட்டில் எத்தனை நொடியில் உறைந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது கூடுதலா குறைவா என்று தெரியும். அந்தப் பக்கத்து ஆள்தான் கன்ட்ரோல். இப்போது அவர் ஒரு சின்னக் குப்பியில் பொடியாக வருகிறார். ஒரு காலத்தில் அந்த ஆளாக நான் இருந்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்க்கும்போதெல்லாம் எனக்கு அதன் பின்னாலேயே போஹே என்ற அவல் உப்புமாவின் வாசனையும் வந்துவிடும். கடுகு, கறிவேப்பிலை, மஞ்சள், மேலே பிழிந்த எலுமிச்சை. உலகத்தில் வேறு யாருக்கும் இந்த இரண்டு வாசனையும் சேர்ந்து வராது என்று நினைக்கிறேன். வந்தால் அவரும் இதே ஊரில், அவுந்தில் அந்த இரண்டாம் மாடி லேபில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும்.

கோவில்பட்டியிலிருந்து லேப் டெக்னீஷியன் டிப்ளமோவோடு புனேவுக்கு வந்து இறங்கியபோது எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. மராத்தி என்று தனியாக ஒன்று இருப்பதே ரயிலில்தான் தெரிந்தது. சாங்வியில் ஒரு மொட்டை மாடி அறை. காலையில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தால் லேப், மாலையில் அதே பாலம், அதே அறை. நடுவில் யாரோடும் பேச வேண்டிய அவசியமே நேராத நாட்கள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, மறுநாள் காலை டீக்கடையில் "சாய்" என்று சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கடைக்காரர் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து இஞ்சி தட்டிப் போட்டார்.

அதனால்தானோ என்னவோ எனக்குத் திங்கட்கிழமை பிடிக்கும். திங்கட்கிழமைதான் குளம்.

குளம் என்றால் நீச்சல் குளமில்லை, லேபின் இங்கிலீஷ் சொல்லுக்கு நானே வைத்துக்கொண்ட தமிழ். ஊழியர்களில் ஐந்து ஆரோக்கியமான ஆட்களின் ரத்தத்தை எடுத்து, சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை மட்டும் ஒன்றாகக் கலந்து, சின்னச் சின்னக் குழாய்களில் உறைய வைப்பது. அந்த வாரம் முழுக்க வரும் நோயாளிகளை இந்தக் கலவையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கடையில் விற்கும் கன்ட்ரோலை வாங்குவதற்குப் பதிலாக எங்கள் உடம்பிலிருந்தே செய்துகொண்டோம். அந்தக் காலத்தில் பல சின்ன லேபுகளில் இதுதான் வழக்கம். ஒரு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மற்ற நான்கு பேர் அவரைச் சரிக்கட்டிவிடுவார்கள் என்பது இதில் உள்ள நம்பிக்கை.

ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பது கஸ்தூரி அக்காவின் பொறுப்பு. ரத்தம் எடுக்கும் அறை அவருடையது. புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த தாத்தா ஆயுதத் தொழிற்சாலையில் சேர, அப்பாவும் அங்கேயே சேர, அக்காவின் தமிழில் பாதி இந்தியும் கால்வாசி மராத்தியும் கலந்துவிட்டன. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அந்த லேபில் தமிழ் பேசும் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

திங்கட்கிழமை காலை நோயாளிகள் வருவதற்கு முன்னால் அக்கா எங்களை பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். மற்றவர்களுக்கு மராத்தியில், எனக்குத் தமிழில்.

"நேத்து குடிச்சியா?"

"இல்லக்கா."

"மாத்திரை எதுனா தின்னியா?"

"இல்லக்கா."

"ராத்திரி இன்னா சாப்ட்ட?"

"சோறுதாங்க்கா."

"சும்மா ஜூட் பேசாத. ஒன் மூஞ்சில சோறு தெரியல, பாவ் ரொட்டிதான் தெரியுது."

பெண்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி இன்னொரு கேள்வி கேட்பார். கர்ப்பமாக இருந்தால் குளத்தில் சேர்க்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு ஒருமுறை வரவேற்பறைப் பெண் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொள்ள, அவள் கணவனுக்கு முன்பே லேப் முழுவதற்கும் விஷயம் தெரிந்துபோனது. என்னிடம் கேட்பது வேறு யாருக்கும் புரியாது என்பதால், அக்கா தேவையில்லாத கேள்விகளையும் சேர்த்துக்கொள்வார். அம்மா லெட்டர் போட்டாங்களா, தங்கச்சிக்கு வரன் பாக்குறாங்களா, மாடி ரூம்ல தண்ணி வருதா. ரத்தம் உறைவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் எல்லாவற்றுக்கும் கையை நீட்டியபடி ஒழுங்காகப் பதில் சொல்வேன். ரத்தம் எடுத்து முடிந்ததும் ஐந்து பேருக்கும் லேபின் சொந்தக்காரரான பெரிய மேடம் செலவில் கீழே கடையிலிருந்து போஹேயும் டீயும் வரும். அந்த ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் அந்தக் கால் மணி நேரத்துக்காகவே நான் வாரம் முழுவதும் காத்திருந்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

இதை ஊருக்குப் போனில் சொல்லப் போய் ஒரு கூத்து நடந்தது. "இங்க நாந்தாம்ப்பா கன்ட்ரோலு" என்றேன். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஒனக்குக் கீழ எத்தன பேருடா?" என்று கேட்டார். விளக்கிச் சொல்ல மீட்டர் இடம் கொடுக்கவில்லை. அவர் தெருவில் என்ன சொன்னாரோ, அடுத்த முறை ஊருக்குப் போனபோது இரண்டு பேர் தங்கள் பையன்களுக்கு வேலை கேட்டு வந்தார்கள்.

அந்த வருஷம் கணபதி விழா வந்தது. புனேயில் கணபதி என்றால் உங்களுக்குத் தெரியும், ஊரே வேறு ஊராகிவிடும். லேபில் ஆளாளுக்கு விடுப்பு. திங்கட்கிழமை காலை பெஞ்சில் போய் உட்கார்ந்தால் நான் மட்டும்தான். போக எனக்கு ஒரு வீடும் இல்லை, கூப்பிட ஒரு ஆளும் இல்லை. அக்காவும் பூஜைக்கு அரை நாளில் ஓட வேண்டிய அவசரத்தில் இருந்தார்.

"ஐயோ, ஒருத்தரும் வரலியா. சரி, நீ ஒருத்தன் போதும். கொஞ்சம் ஜாஸ்தி எடுத்துக்கறேன்" என்றார்.

வரிசை இல்லாததால் கேள்வியும் இல்லை. அதற்கு முந்தைய வாரங்களில் எனக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, நிறைய மாத்திரை விழுங்கி, கடிக்க முடியாமல் டீயில் பாவ் ரொட்டியை நனைத்தே காலத்தை ஓட்டியிருந்தேன். வலி போய்விட்டதால் அதை மறந்தும் போயிருந்தேன். ஐந்து பேர் கலக்க வேண்டிய குளம் அந்த வாரம் ஒற்றை ஆளின் குளம் ஆனது. ஒரு ஆளைக் கொண்டு ஒரு குளத்தை நிரப்பியிருக்கிறோம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அந்த வாரம் அவுந்திலேயே இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டே உட்காருவார், அவ்வளவு பழக்கம். அவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்த இதய டாக்டர், எங்கள் மேடத்துக்குப் போன் செய்தார். அதே ஆசிரியர் இரண்டு நாள் முன்னால் வேறொரு லேபில் எடுத்த ரிப்போர்ட்டும் எங்களுடையதும் ஒத்துப்போகவில்லை. எங்கள் ரிப்போர்ட்டை நம்பினால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். கூட்டட்டுமா, இல்லை நீங்கள் மறுபடி பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

கன்ட்ரோல் தாமதமாக உறைந்தால், அதன் பக்கத்தில் நோயாளியின் ரத்தம் சீக்கிரம் உறைவதுபோல் தெரியும். மாத்திரை போதவில்லை என்று எண்ணிக் கூட்டுவார்கள். கூட்டினால் அந்த மனிதருக்கு மூளையிலோ வயிற்றிலோ ரத்தம் கசியலாம். மேடம் முகம் வெளுத்துப்போய் வெளியே வந்து, குளத்தில் யார் யார் என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மேடமே நின்று பார்க்க, என் ரத்தத்தைத் தனியாக எடுத்துச் சோதித்தோம். அப்போதெல்லாம் கண்ணால்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துச் சாய்த்து, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நூல்போல ஒன்று திரண்டதும் ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். அக்கா சாய்த்தார். திரளவில்லை. மறுபடி சாய்த்தார்.

"ஏய் தம்பி, கட்டவே மாட்டேங்குதே" என்றார் மெதுவாக. கடைசியில் கட்டியபோது மேடம் ஸ்டாப்வாட்சைத் தானே வாங்கிப் பார்த்தார்.

மேடம் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிட்டார். பல், மாத்திரை, பாவ், டீ. கீரை கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்றார். எனக்கு நினைவில்லை. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு வைட்டமின் கீரையில் இருக்கிறது, கொஞ்சம் குடலிலும் உண்டாகிறது. நான் முதலாவதைச் சாப்பிடவில்லை, மாத்திரை இரண்டாவதையும் துடைத்துவிட்டது. "பரா ஆஹேஸ் நா?" என்று கடைசியில் என் தோளைத் தொட்டுக் கேட்டார். நன்றாகத்தானே இருக்கிறாய் என்று அர்த்தம். ஆசிரியருக்குப் புது ரிப்போர்ட் போனது, மாத்திரை கூடவில்லை, குடையோடு அவர் மறுபடி வந்து கையை நீட்டினார். ஆனால் என் பெயரைக் குளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததில் தப்பே இல்லை. ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை அந்த ஐந்து பேர் போஹே சாப்பிடுவதை எந்திரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டேன். ஒரு தட்டு அவல் உப்புமாவுக்காக ஒரு ஆண்பிள்ளை அழுவானா என்று என்னையே திட்டிக்கொண்டேன். கன்ட்ரோல் என்றால் இரண்டு நிலையில் வைத்திருக்க வேண்டும், நார்மலுக்கு ஒன்று, கோளாறுக்கு ஒன்று, லெவல் ஒன், லெவல் டூ என்று. மற்றவர்கள் எனக்கு லெவல் டூ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. நானும் சிரித்தேன்.

மறுநாள் என் மேஜையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. திறந்தால் வெந்தயக்கீரையும் பருப்பும், இரண்டு சப்பாத்தி.

"மேத்தி பாஜி. மிச்சம் வெக்காத. ஒன்ன நார்மல் பண்ணாம உடமாட்டேன்" என்றார் அக்கா.

டப்பா தினமும் வந்தது. முருங்கைக்கீரை, பாலக், ஒரு நாள் கட்கி சந்தையில் எங்கேயோ கிடைத்த அரைக்கீரை. அரைக்கீரையைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. திங்கட்கிழமை ஐந்து பேரிடம் கேட்டு முடித்துவிட்டு, என்னிடமும் வந்து அதே கேள்விகளைக் கேட்பார். ஆனால் ஒரு சந்தேகம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அக்கா சோறு போடுவது எனக்கா, குளத்துக்கா? ஐந்து பேரில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, அதை நிரப்ப ஒரு உடம்பைத் தயார் செய்கிறார், அவ்வளவுதானோ? கேட்க வெட்கமாக இருந்தது. டப்பாவைக் கழுவித் துடைத்து ஒவ்வொரு நாளும் திருப்பிக் கொடுத்தேன்.

இதற்கிடையில் மேடம் பயந்துபோயிருந்தார். கடையில் விற்கும் கன்ட்ரோல்கள் இரண்டு கம்பெனியிலிருந்து மாதிரிக்கு வந்தன. குளமும் இந்த இரண்டுமாக மூன்றில் எது நமக்குத் தகும் என்று சில வாரம் ஓட்டிப் பார்த்துச் சொல் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். ஏன் என்னிடம் என்று கேட்டேன். "நீ இப்போது குளத்தில் இல்லையே, உனக்குப் பாரபட்சம் இருக்காது" என்றார். மேடத்துக்கு ரத்தத்தைத் தெரிந்த அளவுக்கு மனுஷரைத் தெரியாது.

முதல் கம்பெனியின் குப்பி விலை குறைவு, மாட்டு ரத்தத்திலிருந்து செய்தது. அச்சடித்த தாளில் எத்தனை நொடி என்று போட்டிருந்ததோ, எங்கள் மருந்தோடு அது அந்தப் பக்கமே வரவில்லை. நோயாளிகளின் ரத்தம் எல்லாம் ஒரு மாதிரி நடந்துகொள்ள, அது மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. நோயாளிக்குச் சாட்சி சொல்ல வருகிறவன் நோயாளியைப்போலவே நடந்துகொள்ள வேண்டாமா? அதை ஒதுக்கிவிட்டேன். இரண்டாவது மனித ரத்தத்திலிருந்து செய்தது. குப்பியின் அடியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொடி. காய்ச்சி வடித்த தண்ணீரை அளந்து விட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றி, அரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். பால்பவுடர் டின்னைத் திறந்த வாசனை லேசாக வரும். நார்மலும் இருந்தது, கோளாறும் இருந்தது. ஒரே தயாரிப்பில் வாங்கி வைத்தால் வருஷம் முழுக்க ஓட்டலாம். இன்று எப்படியோ நாளையும் அப்படியே. அதற்குப் பல் வலிக்காது, அது கணபதிக்கு லீவில் போகாது.

குளத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒருவருக்கு ஜுரம் வந்த வாரம் ஒரு மாதிரி, ஒருவர் கல்யாண விருந்துக்குப் போய் வந்த வாரம் ஒரு மாதிரி. மனுஷர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

நான் சோதித்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அக்கா என்னையும் ஒரு நாள் சோதித்தார். குழாயைச் சாய்த்தார். டக்கென்று நூல் திரண்டது. "அரே வா! கட்டிடிச்சிடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். லெவல் டூ நார்மல் ஆகிவிட்டான். திங்கட்கிழமை எனக்கும் ஒரு தட்டு உண்டு. அன்று சாயங்காலமே மேடம் என்னை அழைத்து, மூன்றில் எது என்று கேட்டார்.

குளமே போதும் மேடம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. ஐந்து பேருக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது, கேள்வி கேட்காமல் எடுக்கக் கூடாது என்று இரண்டு விதி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் மேடமும் ஒத்துக்கொண்டிருப்பார், செலவு மிச்சம். ஆனால் வாரக் கடைசியில் அந்த ஆசிரியர் வந்து, எதையும் கேட்காமல் எங்களை நம்பிக் கையை நீட்டுவார். அவருக்கு எது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "இரண்டாவது குப்பி" என்றேன். அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து பாலத்தில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை யாரும் பெஞ்சில் உட்காரவில்லை. அவரவர் வந்து அவரவர் கோட்டை மாட்டிக்கொண்டு அவரவர் மேஜைக்குப் போனார்கள். நான் குப்பியில் தண்ணீர் விட்டுச் சுழற்றினேன். மதியம் என் மேஜையில் டப்பா இல்லை. மறுநாளும் இல்லை. ஆக, என் சந்தேகம் சரிதான், சோறு குளத்துக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டு, பேசாமல் பாவ் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் கை கழுவும் இடத்தில் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கோவமா தம்பி?"

"எதுக்குக்கா கோவம்?"

"அந்த அஞ்சு பேர் ரத்தம் எடுக்கற வரைக்கும் வீட்ல லேப் காம், லேப் வேலன்னு சொல்லி டப்பா கட்டிகினு வந்தேன். ஒன் ரத்தம் சரியானாதான் லேப் நடக்கும்னேன். மாமியா ஒண்ணும் சொல்லல, அவங்களே கீர ஆஞ்சி குடுத்தாங்க. இப்ப யாரோ ஒரு பையனுக்குத் தினம் எதுக்குடி சோறுன்னு கேட்டா இன்னா சொல்றது? நீயே சொல்லு."

"சரிக்கா" என்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா குழாயை மூடிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

அந்த லேபைப் பிறகு ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. இரண்டாம் மாடியில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். அக்காவின் குடும்பம் நிக்டி பக்கம் போய்விட்டதாகக் கேள்வி, அதன் பிறகு தகவல் இல்லை. கல்யாணம் எனக்கு நடக்காமலே போனது, அது வேறு கதை, சலிப்பான கதை. நான் வேறு லேபுகளுக்குப் போய், குப்பிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையிலேயே தலை நரைத்தேன். எது நோயாளியைப்போல நடந்துகொள்ளும், எது ஏமாற்றும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். என் கையால் ஒரு தப்பான கன்ட்ரோல் உள்ளே வந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

அன்று பாலத்தில் நின்றபோது போஹே போய்விட்டது, பெஞ்சு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். உண்மையில் போனது ஒரு சாக்கு. ஒரு மனுஷனை நிறுத்தி, ராத்திரி என்ன சாப்பிட்டாய், தூங்கினாயா என்று கேட்பதற்கு, கேட்டுவிட்டு வீட்டிலும் போய்ச் சொல்லிக்கொள்வதற்கு, ஒரு சாக்கு. அதன் பிறகு இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் எவருக்கும் வேறொரு சாக்கு கிடைக்கவில்லை.